வயிற்றில் ஒட்டிய பை

என் வயிற்றின் இடது பக்கத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே ஒரு பை ஒட்டியிருக்கிறது. சேலைக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. குடலின் கடைசிப் பகுதியில் புற்றுநோய் வந்து, அதை வெட்டியெடுத்து, வழக்கமான வழியை அடைத்துவிட்டு, மிச்சக் குடலின் நுனியை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். மலம் அதன் வழியாகப் பையில் வந்து சேரும். இருக்கும் நாள்வரைக்கும் இனி இப்படித்தான். இதை இவ்வளவு நேராக எழுத எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது. முதல் வருடத்தில் கூடப்பிறந்த தங்கையிடம்கூட, "வயித்துல ஒரு சின்ன ஆபரேசன்" என்று மட்டும்தான் சொன்னேன்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். என் கணவர் இருபத்தைந்து வருடம் சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வந்துபோகும் மனிதரோடுதான் என் கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது. ஒரே மகள், கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். அவர் ஒருவழியாகக் கணக்கு முடித்து ஊருக்கு வந்தபோது, எங்கள் படுக்கையறையில் தன் கையாலேயே ஏசி மாட்டினார். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்து, "ஏட்டி, இவ்வளவு காலம் கண்டவனுக்க வீட்டையெல்லாம் தணுப்பிச்சேன். இனி நாம ரெண்டு பேரும் கால நீட்டிக் கெடக்கணும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நாட்களில் எங்கள் ஜெபத்தில் கேட்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. இருப்பது இருக்கிறபடியே இருந்தால் போதும் என்பதைத்தான் வேறுவேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரத்தம் போனது. மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டேன். பள்ளியில் பொதுத்தேர்வு நேரம். லீவு போட முடியாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் திருவனந்தபுரத்தில் கொண்டுபோய்க் காட்டியபோது, டாக்டர் என்னிடம் பேசாமல் என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவர் வெளியே வந்த முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அறுவை முடிந்து கண் விழித்த பிறகு ஐந்து நாள் நான் என் வயிற்றைப் பார்க்கவில்லை. பை மாற்றச் சொல்லித்தர வரும் சிஸ்டர், "பாருங்க டீச்சர், நாளைக்கு நீங்களே செய்யணும் இல்லியா?" என்று கெஞ்சுவார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். என் கணவர்தான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து நின்று பார்த்தார்.

"சிஸ்டரே, இதுக்க அளவு எப்பிடி எடுக்குது?"

"இந்த அட்டைய மேல வச்சுப் பாக்கணும். ஓட்ட சரியா இருக்கணும். பெருசா இருந்தா தோலு வெந்துபோவும். சின்னதா இருந்தா இறுக்கும்."

"அப்போ பைப்பு மூட்டுல வைக்குத கேஸ்கெட்டு மாதிரிதான்" என்றார் அவர். அந்த அறையில் அதற்கு மேல் யாரும் அதை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் மூன்று முறை பை ஒழுகியது. மூன்றாம் முறை, படுக்கை, துணி எல்லாம் ஆகி, நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்து சாகவேண்டும் என்று அழுதேன். அவர் ஒரு வாளி வெந்நீரோடு வந்து எதிரே குந்தியிருந்தார்.

"ஏட்டி, நான் ஆரு? இருபத்தஞ்சு வருசம் கேஸ் லீக்கு பாத்தவனாக்கும். இந்த ஒரு லீக்க விட்டுருவேனா?"

கழுவினார். துடைத்தார். தோல் காயட்டும் என்று பழைய நோட்டு அட்டையால் விசிறினார். பையின் ஒட்டும் தட்டில் பேனாவால் வட்டம் வரைந்து வளைந்த கத்தரியால் வெட்டி, வெட்டிய விளிம்பை விரலால் தடவித் தடவி மழுக்கினார். பிறகு அந்தத் தட்டைத் தன் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னத்துக்கு அது?"

"சூடு வேணும். தணுத்த பிசின் ஒட்டாது. எந்த பிசினும் அப்பிடித்தான்."

இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு ஒட்டிய பை நான்கு நாள் நின்றது. அதன்பிறகு மாற்றும் நாட்களில் காலையில் அக்குளில் தட்டை இடுக்கிக்கொண்டு பேப்பர் படிப்பது அவருடைய வழக்கமாகிவிட்டது. யாராவது வாசலில் வந்து கூப்பிட்டால் ஒரு கையை ஒடுக்கியபடியே போய் நின்று பேசுவார். தோள்பட்டையில் பிடிப்பா என்று பக்கத்து வீட்டுக்காரர் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்.

சபையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் அன்போடுதான் வந்தார்கள் என்று இப்போது சொல்ல முடிகிறது. அப்போது முடியவில்லை. தாங்க முடியாததை ஆண்டவர் தரமாட்டார் என்றார் ஒருவர். தரமாட்டார் என்றால் இது எங்கிருந்து வந்தது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். மாதர் ஜெபக்குழுவிலிருந்து வந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் தப்பா நெனச்சாண்டாம். அறிக்க பண்ணாத பாவம் ஏதாவது உண்டுமான்னு ஒரு தரம் யோசிச்சுப் பாருங்க" என்றார். அவர் போன பிறகு இரண்டு நாள் யோசித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், உண்மையாகவே உட்கார்ந்து சின்ன வயதிலிருந்து பட்டியல் போட்டேன். இவ்வளவு பெரிய தண்டனைக்குத் தகுந்த பாவம் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் கோபம்தான் கூடியது.

எங்கள் போதகர் முப்பது வயதுக்காரர். வந்ததும் வேதத்தைத் திறந்தார். நான், "இன்னைக்கு வசனம் வேண்டாம் ஐயரே" என்றேன். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அப்படி ஒரு வார்த்தையை அதுவரை எந்த ஐயரிடமும் நான் சொன்னதில்லை. அவர் முகம் ஒரு நொடி வாடியது. பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "சாயா கெடைக்குமா?" என்று என் கணவரிடம் கேட்டார். இருவரும் குடித்தார்கள். ரப்பருக்கு மழை மறைப்புக் கட்டுவதைப் பற்றிப் பேசினார்கள். அதன்பிறகு வியாழக்கிழமைதோறும் வந்தார். வசனம் சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று இரண்டு வரி ஜெபம் பண்ணிவிட்டுப் போவார். அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதை மறைக்காமல் வந்து உட்கார்ந்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று மாதம் கழித்து, என் கணவருடைய வற்புறுத்தலில், ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். எங்கள் ஆலயத்தில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பாட்டுகள் முடிந்து, பாவ அறிக்கைக்காக எல்லாரும் முழங்கால்படியிட்டு அமைதியானார்கள். ஃபேன் சத்தம் மட்டும்தான். அந்த அமைதியில் என் வயிறு வாய் திறந்தது. இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அந்த வாய்க்கு நம் கட்டுப்பாடு கிடையாது. அடக்கி வைக்கத் தசை இல்லை. நினைத்த நேரத்தில் காற்றை விடும். நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு விட்டது.

எனக்கு முன்னால் இருந்த பெண் லேசாகத் தலையைத் திருப்பினாள். அதே நொடியில் ஆண்கள் பக்கத்திலிருந்து ஓர் இருமல் எழுந்தது. அந்த ஆலயத்தில் அந்தச் சத்தத்தை அடையாளம் தெரிந்த ஒரே ஆள் என் கணவர்தான். என் வயிறு மறுபடி ஆரம்பித்தது. அவர் மறுபடி இருமினார். நான் வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டேன். அது விரலிடுக்கில் பேசியது. அவர் காசநோய்க்காரரைப்போல் குலுங்கிக் குலுங்கி இருமினார். ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்றைக்கு இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நான் பாதி ஆராதனையில் எழுந்து வீட்டுக்கு நடந்துவிட்டேன். பின்னாலேயே வந்தவரிடம் கத்தினேன்.

"இனி என்ன எங்கயும் கூப்பிடாண்டாம். கோயிலுக்கும் இல்ல, பள்ளிக்கூடத்துக்கும் இல்ல. நான் ஒரு கக்கூசு. கக்கூசுக்கு என்ன ஆராதன?"

அவர் உள்ளே போய் ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அழுதார் என்று நினைக்கிறேன். கேட்டால் இன்றுவரை இல்லை என்கிறார்.

மேலும் நான்கு மாதம் நான் வெளியே போகவில்லை. சோற்றையும் குறைத்தேன். அவர் எனக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரி சிஸ்டருக்கு ஃபோன் பண்ணி, "எனக்க கையில உள்ள வேலையெல்லாம் செய்து பாத்தாச்சு சிஸ்டரே. இனி எனக்குத் தெரியல்ல" என்றிருக்கிறார். சிஸ்டர் ஒரு நம்பர் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். திற்பரப்புக்கும் மேலே, மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. நகக்கண்ணில் காய்ந்த ரப்பர் பால். கையில் பலாச்சக்கை வற்றல் பொட்டலம். அதிகாலையில் எழுந்து முந்நூறு மரம் வெட்டி, பாலெடுத்துக் கொடுத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"டீச்சர் ஆரு? நீங்களா?" என்றாள். என் கணவரைப் பார்த்து, "அண்ணன் கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள். கதவைச் சாத்தினாள். நின்ற நிலையில் சேலையைக் கொஞ்சம் தளர்த்தி, பாவாடையை இறக்கிக் காட்டினாள்.

"இந்தா பாத்துக்கோ. எட்டு வருசமாச்சு. உனக்கதும் எனக்கதும் ஒரே ஜாதியாக்கும்."

நீங்க என்பது அதற்குள் நீயாகிவிட்டது. அவள் பையைப் பார்த்தேன். என் பையை அதுவரை நான் அப்படி நின்று பார்த்ததில்லை.

"இனி நீ காட்டு."

காட்டினேன். அவள் குனிந்து பார்த்து, என் பையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். என் கணவரையும் சிஸ்டரையும் தவிர வேறு யார் கையும் அங்கே பட்டதில்லை. "கொடலு நுனி நல்லா செவப்பா இருக்கு. கறுத்தாத்தான் பயப்படணும். ஆரு ஒட்டுனது, அண்ணனா? ஆளு கெட்டிக்காரன் இல்லியா!"

அதன்பிறகு ஒரு மணிநேரம் சொன்னாள். வெளியே போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் பயறும் முட்டைக்கோசும் வேண்டாம். காலையில் பால் விடாத கட்டன்சாயா, இரண்டு பிஸ்கட். சத்தம் வரப்போகிறது என்று வயிறு சின்னதாய் ஒரு முறுக்குக் காட்டும். அப்போது முழங்கையால் இப்படி அமுக்கு. பைக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் ஒட்டாமல் கழுவலாம்.

"அப்பிடியும் சத்தம் வந்தா?" என்றேன். ஆலயத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் இருமியதையும் சொன்னேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். "எனக்க மாப்பிளயா இருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பான். ஏ டீச்சரே, சத்தம் வந்தா வந்தாச்சு. அங்க முட்டுபோட்டு இருக்குதவியளுக்கெல்லாம் வயிறு கெடையாதா? தெய்வத்துக்குத் தெரியாத வயிறா?"

அறுவைக்குப் பிறகு நான் முதல்முறை சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே வந்தது அழுகையாக மாறியது. அவள் தடுக்கவில்லை.

போகும்போது கேட்டேன், "உங்களுக்கு இதெல்லாம் ஆரு சொல்லித்தந்தா?"

"ஆரும் இல்ல" என்றாள் செருப்பைப் போட்டுக்கொண்டே. "ரெண்டு வருசம் பழைய துணிய வச்சுக் கெட்டிட்டு மலையேறுனேன். தோலெல்லாம் வெந்து புண்ணு. ஒருத்தியாவது வந்து சொன்னா நல்லா இருக்கும்னு தோணும். ஆரும் வரல்ல. அதாக்கும், ஆரு கூப்பிட்டாலும் நான் போறது."

அவள் பஸ் ஏறியதும் நான் முதல்முறையாக என் பையை நானே மாற்றினேன். அவர் அக்குளில் சூடாக்கித் தந்தார். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார்.

ஆலயத்துக்குப் போனேன். பள்ளிக்கும் போனேன். ஒரு நாள் வகுப்பில் சத்தம் வந்தபோது பிள்ளைகளிடம், "எனக்கு ஒரு ஆபரேசன் நடந்திருக்கு, வயிறு சில நேரம் சத்தம் போடும், நீங்க கணக்கப் போடுங்க" என்றேன். போட்டார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வரியைச் சொல்ல நான் ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

போன வருடம் அதே சிஸ்டர் எனக்கு ஃபோன் பண்ணினார். நாகர்கோவிலுக்குக் கிழக்கே, வயல்கள் சூழ்ந்த ஒரு கிராமத்தில் ஒரு விவசாயி, அறுவை முடிந்து ஒன்றரை மாதமாகிறது, சாப்பிட மறுக்கிறார், போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். நான் தயங்கினேன். கிளம்பலாம் என்று சொன்னவர் என் கணவர்.

வீட்டில் அவருடைய மனைவி நெற்றி நிறையத் திருநீறோடு எங்களை வரவேற்றார். குரலைத் தாழ்த்தி, "ரெண்டு கவளத்துக்கு மேல தொடமாட்டேங்காரு. தின்னாத்தானே பை நெறையும், தின்னாண்டாம்னு படுத்துக் கெடக்காரு" என்றார். உள்ளே அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எனக்கு அந்த முதுகு நன்றாகத் தெரியும்.

நான் பேச ஆரம்பித்ததும் அவர் திரும்பாமலே, "நீங்க பொம்பளயாளு. ஒங்ககிட்ட இதெல்லாம் எப்பிடிப் பேசதுக்கு?" என்றார். நியாயம்தான். நான் எழுந்து அடுக்களைப் பக்கம் போனேன். என் கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நான் ஏசி மெக்கானிக்காக்கும். எனக்கு லீக்கு பாக்க மட்டும்தான் தெரியும். ஒரு தரம் பாக்கட்டுமா?"

அரைமணி நேரம் எனக்கு அவர்கள் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. நடுவில் "அய்யோ, இவ்வளவு பெரிய ஓட்டய ஆரு வெட்டுனது?" என்று என் கணவரின் குரல். தட்டின் துளை பெரிதாக இருந்ததால் விவசாயிக்கு அதைச் சுற்றித் தோல் முழுவதும் வெந்திருந்தது. ஒவ்வொரு முறை பை நிறையும்போதும் நெருப்பு வைத்தது போல எரிந்திருக்கிறது. சாப்பிட ஏன் பயந்தார் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. என்னைக் கூப்பிட்டபோது அக்குளில் தட்டோடு என் கணவர் உட்கார்ந்திருந்தார். விவசாயி எழுந்து தலையணையில் சாய்ந்து அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எரிச்சல் தீந்துரும்" என்றார் அவர் என்னைப் பார்த்து. "ஆனா கோயிலுக்குப் போக முடியாது பாத்தேளா. தெனமும் போன ஆளு நான். இனி இந்த அழுக்கச் சொமந்துக்கிட்டு எப்பிடிப் படியேறது?"

அவருடைய கோயிலைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். எங்கள் ஆலயத்தில், பாவ அறிக்கையின் அமைதியில் நடந்ததை, இருமலை, கோயில்பிள்ளை தண்ணீரோடு ஓடியதை. அவர் முதலில் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கினார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கதவோரம் நின்ற அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ ரசஞ்சோறு சாப்பிடலாமா?" என்று கேட்டார் கடைசியில்.

"எல்லாம் சாப்பிடலாம் அண்ணாச்சி."

எங்களையும் உட்கார வைத்து அந்த அம்மா பரிமாறினார். அவியல், ரசம், மோர். அவர் மெதுவாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டார்.

எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகையன்று என் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். முடிந்ததும் ஒருவர், "பாத்தியளா டீச்சர், இதுக்காகத்தான் ஆண்டவரு உங்களுக்கு இந்த வியாதியத் தந்தது" என்றார். ஐயரிடம் அதைக் கேட்டேன்: "அப்பிடியா?" அவர், "எனக்குத் தெரியாது டீச்சர்" என்றார். எனக்கும் தெரியாது. ஒரு விவசாயி சோறு சாப்பிடுவதற்காக ஒரு டீச்சருக்குப் புற்றுநோயைக் கொடுக்கும் ஆண்டவரை என்னால் நேசிக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் வந்தது வந்தபிறகு, அது வீணாய்ப் போகவேண்டாம் என்று என்னோடு சேர்ந்து நினைக்கிற ஆண்டவர் ஒருவர் உண்டு. அவர் பால் வெட்டுகிறவளை இரண்டு பஸ் மாறி அனுப்பியிருக்கிறார் என்று நம்புகிறேன். அவரிடம்தான் இப்போது ஜெபம் பண்ணுகிறேன்.

விவசாயி அண்ணாச்சி கோயிலுக்கு மறுபடி போகிறார். வெளியே நின்று கும்பிட ஆரம்பித்து, ஒரு பிரதோஷத்தன்று படியேறிவிட்டாராம். மாதத்தில் இரண்டு முறையாவது என் கணவருக்கு ஃபோன் வரும். போன வாரமும் வந்தது. வாசல் மாமரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இவர் நாற்பது நிமிடம் பேசினார். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, உழவு டிராக்டர்காரன் ஏமாற்றிவிட்டான், இந்தப் பூவுக்கு, அதாவது இந்தப் போகத்துக்கு, எந்த நெல் விதைக்கலாம் என்று பேச்சு போனது. ரப்பர் மரத்தைத் தவிர வேறு பயிர் தெரியாத மனிதர், விதைநெல்லைப் பற்றித் தீர்மானமாக ஏதேதோ யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நான் சன்னலருகே விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பையைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.